பசையக்காவின் கடைசி இணைப்பு

என் தங்கை ஒட்டிய குழாய் கசிந்தது என்று யாராவது சொன்னால், சொன்னவர் பல்லைத் தட்டிக் கையில் கொடுத்துவிடுவேன். எனக்கு வயதாகிவிட்டது, இரத்தக்கொதிப்புக்கு மாத்திரை போடுகிறேன் என்பதெல்லாம் அப்போது ஞாபகத்துக்கு வராது. ஆனால் ஒரு நாள் அந்தப் பேச்சை நானே நின்று கேட்க வேண்டியதாகப் போயிற்று. அன்று யார் பல்லும் போகவில்லை. அது ஏன் என்று சொல்கிறேன்.

வேலை வட்டாரத்தில் அவளுக்குப் பசையக்கா என்று பெயர். கடையில் சொல்யூஷன் என்று கேட்டு வாங்கும் அந்தக் குழாய்ப் பசையை அவள் ஒருத்திதான் தமிழில் பசை என்பாள். பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. எனக்கு அவள் பாப்பா. அவள் பெண்ணைக் கட்டிக் கொடுத்த பிறகும் பாப்பாதான். "நாலு பேர் முன்னாடி பாப்பா கீப்பான்னு கூப்பிடாதே அண்ணே" என்று சண்டைக்கு வருவாள். நான் இன்னும் சத்தமாகக் கூப்பிடுவேன்.

அவள் வீட்டுக்காரர் பிளம்பர். எனக்கு மாப்பிள்ளை முறை. கல்யாணமான புதிதில் அவருக்குக் கையாளாக இருந்தவன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். அன்றைக்குச் சாப்பாடு கொண்டுபோன பாப்பா, "கொஞ்சம் இதைப் பிடி" என்று அவர் நீட்டிய குழாயைப் பிடித்தாள். அப்புறம் விடவே இல்லை. விஷயம் தெரிந்ததும் எனக்குக் காலில் வெந்நீர் ஊற்றின மாதிரி ஆகிவிட்டது. நேரே அவர்கள் வீட்டுக்குப் போய், "என் தங்கச்சிய பைப் தூக்கவா கட்டிக் குடுத்தேன்?" என்று கத்தினேன். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவள்தான் பதில் சொன்னாள்.

"நீ மட்டும் நாள் பூரா வேன் ஓட்டலாம், நான் பைப் ஒட்டக் கூடாதா? கத்துறத விட்டுட்டு நாளைக்கு உன் வேன்ல எங்க சாமானைக் கொண்டாந்து இறக்கு. வாடகை எல்லாம் கேக்காதே."

என்ன செய்ய? மறுநாள் போய் இறக்கினேன். அன்று முதல் அவர்களுடைய குழாயும் ஏணியும் என் லோடு வேனில்தான் போய் வந்தன.

மாப்பிள்ளை சுவரைக் குடைவார், குழாயை அறுப்பார், இரும்பில் மரை வெட்டுவார். ஒட்டுகிற வேலை முழுக்க அவளுடையது. ஒட்ட உட்கார்ந்தால் அவளை யாரும் அவசரப்படுத்த முடியாது. அறுத்த ஓரத்துப் பிசிறை உப்புத்தாளால் தேய்ப்பாள். பசை போடாமல் எல்லாவற்றையும் முதலில் சும்மா செருகிப் பார்ப்பாள். மண்ணில் ஒருக்களித்துப் படுத்து, ஒரு கண்ணை மூடி, குழாய் நேராகப் போகிறதா என்று பார்ப்பாள். சரியாக இருந்தால், இரண்டு குழாயைச் சேர்க்கும் இணைப்பின் வாய் எங்கே முடிகிறதோ அங்கே குழாயைச் சுற்றி ஒரு கோடு போடுவாள். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றிப் பசை தடவி, அந்தக் கோடு மறுபடி வாயைத் தொடும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பாள். கையை எடுத்த பின், இணைப்பிலிருந்து குழாய்க்குக் குறுக்காக இன்னொரு கோடு. குறுக்குக் கோடு விழுந்தால் ஒட்டியாயிற்று என்று அர்த்தம். அதற்கப்புறம் அதன் மேல் யானையே நடந்தாலும் அவளுக்குக் கவலையில்லை. "நான் ஒட்டின இடம் கசிஞ்சுதுன்னு ஒண்ணு காட்டு, இந்த வேலைய விட்டுடுறேன்" என்பாள். அவள் கடைசிவரை வேலையை விடவில்லை.

கோடு போட அவள் வைத்திருந்தது புருவம் தீட்டுகிற பென்சில். மாப்பிள்ளை ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்தது. "என் புருவத்துக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்டுவிட்டு அதைக் குழாயில் கிறுக்கிப் பார்த்தாளாம். வெள்ளைக் குழாயில் கறுப்பு பளிச்சென்று விழுந்ததில் அவளுக்குப் பரம சந்தோஷம். தீரத் தீர மாப்பிள்ளைதான் போய் வாங்குவார். வீட்டில் ரொம்ப அலங்காரம் செய்துகொள்வார்களோ என்று கடைப் பெண் கேட்டதற்கு, "ஆமாம்மா, எங்க வீட்டு பைப் எல்லாம் ரொம்ப அழகு" என்றாராம். இதை அவர் சொல்லிச் சொல்லி எங்களுக்கெல்லாம் காது புளித்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுத்தவர் வீட்டில் நின்றுகொண்டு கத்துவது அவளுக்குப் பிடிக்காது. குழாயின் ஒரு முனையில் அவரும் மறு முனையில் அவளும் நிற்கையில், ஸ்பேனரால் குழாயைத் தட்டித்தான் பேசிக்கொள்வார்கள். இரண்டு தட்டு என்றால் திற. மூன்று என்றால் மூடு. விடாமல் தட்டினால் இங்கே வா. ஒரே ஒரு தட்டு என்றால் 'இருக்கியா?' அதற்கு மறு முனையிலிருந்து ஒரு தட்டு வரும், 'இருக்கேன்'. வேலை இருக்கிறதோ இல்லையோ, இந்த ஒற்றைத் தட்டு மட்டும் இரண்டு பக்கமும் ஓயாது. வேனில் சாய்ந்து கண்ணை மூடினால் எனக்கு இதுதான் கேட்கும். "அவரு எங்கடி போயிடுவாரு, நீதான் எங்க போயிடுவே? நிமிஷத்துக்கு ஒரு தடவை தலைய எண்ணிப் பாக்கணுமா?" என்று திட்டுவேன். அவள் சிரிப்பாள்.

அந்த நீச்சல் குளத்து வீட்டு வேலை இப்படி வந்தது. வீட்டுக்காரம்மா தனியாக இருக்கிறவர். பின்பக்கம் சின்னதாக ஒரு குளம். தண்ணீர் குறைந்தால் வெளிச்சுவர்க் குழாயில் தோட்டத்து ஹோஸை மாட்டி, நுனியைக் குளத்துக்குள் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஒரு நாள் அப்படிப் போட்டிருந்தபோது தெருக்குழாயில் தண்ணீர் வரத்து நின்றுவிட, வீட்டுக் குழாய் குளத்துத் தண்ணீரைத் திருப்பி உறிஞ்சிவிட்டது. சமையலறையில் பிடித்த தண்ணீரில் குளோரின் வாடை. மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். வெளிக்குழாயில் ஒரு கிளை எடுத்து, வால்வும், தண்ணீர் திரும்பி வராதபடி இன்னொரு வால்வும் போட்டு, தோட்டத்து மண்ணுக்கடியில் குளம்வரை குழாய் கொண்டுபோய், குளத்து நீர்மட்டத்துக்கு மேலே அதன் வாயை வைத்துவிடலாம் என்று இவர் சொன்னார். அந்தம்மாவுக்குத் திருப்தி. வாய்க்கால் மாதிரி பள்ளம் வெட்டினார்கள்.

அன்று நான் வழக்கம்போல வாசலில் வேனில் இருந்தேன். மாப்பிள்ளை வெளிச்சுவர் பக்கம், பாப்பா பள்ளத்துக்குள். இரண்டு முனையிலிருந்தும் ஒட்டிக்கொண்டே நடுவுக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளை "மச்சான்" என்று அலறினது கேட்டது. அந்த மனுஷன் அடுத்தவர் வீட்டில் கத்தி நான் அதுவரை கேட்டதில்லை. ஓடினேன். பள்ளத்துக்கும் சுவருக்கும் நடுவே புல்லில் கிடந்தாள். நான்தான் தூக்கினேன். வேனில் பின்பக்கம் குழாய்களுக்கு நடுவே மாப்பிள்ளை மடியில் அவள் தலை. எப்படி ஓட்டினேன் என்று கேட்டால் தெரியாது. தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். கண்ணைத் திறக்கவே இல்லை.

என் பாப்பா போய்விட்டாள். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு மாப்பிள்ளை வேலைக்கே போகவில்லை. முதலில் எழுந்து போனது அந்தக் குளத்து வீட்டு வேலையை முடிக்கத்தான். வீட்டுக்காரம்மாவின் மகன் பிள்ளைகளோடு வருவதாக இருந்தது, அதற்குள் முடித்துத் தர முடியுமா என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தார். "அவ வேலை முடிஞ்சிடுச்சு மச்சான். சுவர்ப்பக்கம் என்னோடதுதான் பாக்கி. வால்வு கிட்ட நிக்க ஆள் வேணும், வரீங்களா?" என்றார். எனக்கு அந்த வாசலை மிதிக்கவே பிடிக்கவில்லை. ஆனாலும் போனேன்.

பள்ளம் மூடிக் கிடந்தது. யாராவது தவறி விழுந்துவிடப் போகிறார்களே என்று தோட்டக்காரர் நல்ல மனசோடு மூடியிருந்தார். மாப்பிள்ளையும் தோண்டிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? ஓர் இணைப்பை ஒட்டாமல் மிச்சம் வைத்துவிட்டு அவள் எழுந்த வழக்கமே கிடையாது. சுவரில் கிளை எடுத்து, வால்வுகளை மாட்டி, மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குழாயோடு சேர்த்தார். குளத்துப் பக்கம் போனார். இரண்டு தட்டு கேட்டது. திறந்தேன்.

தண்ணீர் உஸ்ஸென்று போனது. குளத்தில் ஒரு சொட்டும் விழவில்லை. தோட்டத்து நடுவில் மண் பொங்கி, சேறும் தண்ணீருமாகக் கொப்புளித்தது. மூன்று தட்டு படபடவென்று வந்தது. மூடினேன்.

வீட்டுக்காரம்மா படியில் நின்றார். தோட்டக்காரர் மண்வெட்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"அந்தம்மா கடைசியா உக்காந்திருந்த இடம்தாங்க இது" என்றார் அவர்.

"பாவம், உடம்பு முடியாம செஞ்சிருக்காங்க. கை நடுங்கியிருக்கும். தப்பா நினைக்காதீங்க. அவங்க ஒட்டினது எதுவும் நிக்குமான்னு இனிமே எனக்கு பயமா இருக்கு. தெரிஞ்ச பிளம்பர் ஒருத்தர் இருக்கார், எல்லாத்தையும் எடுத்துப் போட்டுட்டு புதுசா போடச் சொல்லிடுறேன்" என்றார் வீட்டுக்காரம்மா.

அவள் கையால் தேய்த்து, படுத்துப் பார்த்து, கோடு போட்டு ஒட்டிய குழாயை எல்லாம் எவனோ பிடுங்கிக் குப்பையில் எறிவான். பசையக்கா கடைசியாக ஒட்டியது புட்டுக்கொண்டது என்று கடை கடையாகச் சொல்வான். அவள் பேரைத் தவிர அவளுடையது என்று என்ன மிச்சம் இருந்தது? "என்னம்மா பேசறீங்க? என் தங்கச்சி ஒட்டினது..." என்று நான் ஆரம்பித்தபோது, குளத்துப் பக்கமிருந்து வந்த மாப்பிள்ளை என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தோண்டிப் பாத்துட்டு சொல்றேங்க. அதுவரைக்கும் யாரையும் கூப்பிடாதீங்க" என்றார்.

மண்வெட்டியை வாங்கிக்கொள்ளவில்லை. குழாயில் பட்டுவிடுமாம். முட்டி போட்டு உட்கார்ந்து கையாலேயே சேற்றை அள்ளினார். நானும் அள்ளினேன். இணைப்பு தென்பட்டது. ஒரு பக்கக் குழாய் அதிலிருந்து முழுதாக நழுவி வெளியே வந்திருந்தது. அதைக் கழுவி விரலால் துடைத்தார். பசை பட்ட இடம் மினுமினுப்பாக, சொரசொரப்பாக இருக்கும். இது கடையில் வாங்கியபடியே வழவழவென்று இருந்தது. சுற்றி ஒரு கோடு இருந்தது. குறுக்குக் கோடு இல்லை.

எனக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. "வந்து பாருங்கம்மா" என்று கூப்பிட்டேன். "ஒத்தக் கோடுதான் இருக்கு. அவ இதை ஒட்டவே இல்ல. சும்மா செருகி வச்சது. ஒட்டின எதையாவது பாருங்க, குறுக்கே கோடு இருக்கும்." பக்கத்து இணைப்பையும் தோண்டிக் காட்டினேன். குறுக்குக் கோடு கறுப்பாக, அழியாமல் இருந்தது.

அந்தம்மா குனிந்து பார்த்தார். நல்ல மனுஷிதான், குற்றம் சொல்ல வேண்டும் என்று கேட்கவில்லை.

"அப்படின்னா ஒட்டாம ஏன் எழுந்து போனாங்க?" என்றார்.

நான் அதை யோசித்திருக்கவே இல்லை. "மயக்கமா வந்திருக்கும்மா. தண்ணி குடிக்க எழுந்திருப்பா. வேற என்ன?" என்றேன்.

"இல்ல மச்சான்."

மாப்பிள்ளை இன்னும் அந்தக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.

"நான்தான் கூப்பிட்டேன். விடாம தட்டினேன். மரையில சுத்துற டேப்பைக் காணோம்னு. ரெண்டு தடவை அப்படித் தட்டியும் அவ வரல. இதை முடிச்சிட்டு வரலாம்னு இருந்திருப்பா. எனக்குப் பொறுக்கல, இன்னும் வேகமாத் தட்டினேன். முடிச்சிட்டுத்தான் எழுந்தாள்னு இத்தனை நாளும் நினைச்சிட்டு இருந்தேன்."

"டேப் அவகிட்ட இருந்துச்சா?" என்றேன்.

சட்டைப் பையில் கையை விட்டு அந்த வெள்ளை டேப் சுருளை எடுத்தார். கூடவே அவளுடைய பென்சிலும் வந்தது.

"அன்னைக்கு என் பாக்கெட்லதான் இருந்துச்சு. ஆஸ்பத்திரியில கர்ச்சீப் எடுக்கப் போனப்ப கையில வந்துச்சு."

பல்லைப் பற்றி முதலிலேயே சொன்னேன் அல்லவா? அந்த நேரம் எனக்குக் கை ஓங்கத்தான் வந்தது. "என்னய்யா மனுஷன் நீ? பாக்கெட்டுல வச்சுக்கிட்டா அவளைக் கூப்பிட்ட?" என்று கேட்டுவிட்டேன். அவரிடம் அப்படி ஒருமையில் பேசினது அதுதான் முதல் தடவை. அவர் நிமிர்ந்து பார்த்தார். அடியுங்கள் என்று முகத்தைக் கொடுத்துக்கொண்டு இருக்கிறவரை எப்படி அடிப்பது? தங்கை பேரைக் காப்பாற்ற நான் ஒரு சின்னப் பொய் எடுத்துக் கொடுத்தேன். வாயை மூடிக்கொண்டு அதையே வைத்துக்கொண்டிருக்கலாம். அவள் எழுந்தது தண்ணீர் குடிக்க இல்லை, தான் கூப்பிட்டதால்தான் என்று அத்தனை பேர் முன்னால் உடைத்துவிட்டார். எனக்குக் கை தானாக இறங்கிவிட்டது.

"சும்மா உக்காந்திருந்தாலும் அது வெடிச்சிருக்கும்னு டாக்டரே சொன்னார் மாப்ள" என்றேன்.

"தெரியும் மச்சான். ஆனா உக்காந்திருந்தா இதை ஒட்டி முடிச்சிருப்பா."

வீட்டுக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வேற யாரும் வர வேண்டாம். நீங்களே முடிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தோட்டக்காரர் பழைய துணி ஒன்று கொண்டுவந்து கொடுத்தார், ஈரம் துடைக்க.

மாப்பிள்ளை துடைத்தார், காயவிட்டார், உப்புத்தாள் போட்டார். அவள் கோட்டில் மட்டும் தாள் படாமல் பார்த்துக்கொண்டார். பசை தடவி, அந்தக் கோடு இணைப்பின் வாயைத் தொடும்வரை அழுத்தினார். அழுத்தியவர் கையை எடுக்கவே இல்லை. பசை எப்போதோ பிடித்திருக்கும். போதும் மாப்ள என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் கீழே வைத்த பென்சில் மண்மேல் கிடந்தது. எடுத்து நீட்டினேன்.

"குறுக்குக் கோடு போடலையா?"

"அது அவ போடுறது மச்சான்" என்றார். பென்சிலை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஒற்றைக் கோட்டோடு அப்படியே மண்ணைத் தள்ளி மூடினார்.

பசை நன்றாக இறுகும்வரை காத்திருந்தோம். வீட்டுக்காரம்மா கொடுத்த தேநீர் இரண்டு பேருக்கும் அப்படியே ஆறிப்போயிற்று. பிறகு நான் வால்வு பக்கம் போனேன். அவர் வீட்டைச் சுற்றிக்கொண்டு குளத்துப் பக்கம் போனார். அங்கிருந்து அவர் முகம் தெரியாது, நடுவில் செடிகள். இரண்டு தட்டு வந்தது. திறந்தேன்.

இந்தத் தடவை மண் பொங்கவில்லை. குளத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நடுத் தோட்டத்தைப் பார்த்தபடியே நின்றேன். மூடிய மண் மூடியபடி இருந்தது. பாத்தியா பாப்பா, ஒரு சொட்டு இல்ல என்று வாய்விட்டே சொன்னேன்.

அப்போது ஒரே ஒரு தட்டு வந்தது.

எத்தனை வருஷமாகக் கேட்ட தட்டு அது! எனக்கா தெரியாது? அந்த மனுஷன் அங்கே தனியாக நிற்கிறாரே, இந்தப் பக்கம் ஆளே இல்லை என்று ஆகிவிடக் கூடாதே என்றுதான் ஸ்பேனரை எடுத்து நானும் ஒரு தட்டு தட்டினேன். சத்தியமாக வேறு எதுவும் நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. மூடச் சொல்லி மூன்று தட்டு வரும் வரும் என்று பார்த்து, கடைசியில் நானே மூடிவிட்டுப் போய்ப் பார்த்தேன். மாப்பிள்ளை குளத்து ஓரம் தரையில் உட்கார்ந்து, குழாயில் காதை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அவள் போன அன்று கூட அவர் அப்படி அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். எனக்கும் அடக்க முடியவில்லை.

"இனிமே ஒரு தட்டுக்கு மட்டும் பதில் தட்டாதீங்க மச்சான்" என்றார். "ஒரு நிமிஷம் நம்பிட்டேன்."

சரி என்றேன். இப்போதும் அவர் வேலைக்குப் போனால் வால்வு பக்கம் நான்தான் நிற்கிறேன். இரண்டு தட்டினால் திறக்கிறேன், மூன்று தட்டினால் மூடுகிறேன். நடுவில் எப்போதாவது ஒரு தட்டு வரும். அப்போது ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா நிற்பேன்.